வெறும் தாளில் போட்ட கையெழுத்து

இன்று காலை ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணே, கொட்டேஷனுக்கு உங்க லெட்டர் பேடுல ஒரு தாள் சீல் வெச்சுக் குடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார். சீல் மையின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. முடியாது என்று அனுப்பிவிட்டேன். ரொம்பத் தாமதமாக வந்த புத்தி.

திண்டிவனத்தில் நீயும் விழுப்புரத்தில் நானும் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவர்கள். அரசு விடுதிகளின் தண்ணீர் மோட்டார் வேலையை டெண்டரே வைக்காமல் வருஷா வருஷம் ஒரே ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் முணுமுணுத்ததோடு சரி. நீ கோர்ட்டுக்குப் போனாய். "டெண்டர் வைக்கட்டும்பா. போட்டியில தோத்தா வாயை மூடிக்கினு போறேன்" என்பாய். அந்த வேலை கிடைத்தால் பட்டறையை மூட வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தாய்.

மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவருக்கே கொடுத்தோம் என்று விடுதிகளை நடத்தும் அலுவலகம் கோர்ட்டில் பதில் போட்டது. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது! நான் விலையே சொல்லவில்லை. தெரிந்தவர் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்ட வெறும் தாளை நீட்டுவது என் வழக்கம். அதில் யாரோ அந்த ஆள் சொன்னதைவிடக் கூடுதல் விலையை டைப் அடித்திருந்தார்கள்.

நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். நீ கத்தவில்லை. "வெறும் தாளுதான் குடுத்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுப்பா. கேசு ஜெயிச்சிடும்."

"அந்த ஆபீசு குடுக்கற சில்லறை வேலையை நம்பித்தான் நான் பொழச்சிக்கினு இருக்கேன். என்னை ஏன்பா பேஜாருல மாட்டி வுடற?" என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு! நீ நகலை மடித்துப் பைக்குள் வைத்தாய். பிறகு, "சரி வுடு, டீ சொல்லு" என்றாய். டீயைக் குடித்துவிட்டுத்தான் போனாய்.

கேஸ் தள்ளுபடியானது. பட்டறையையும் மூடினாய். அதன்பிறகு நீ போனில் கூப்பிட்டால் பாதி நேரம் எடுக்கமாட்டேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன்.

சாவுக்கு மட்டும் வந்தேன். உன் மனைவி என்னைக் கண்டதும் தன் தம்பியைக் கூப்பிட்டார். "இந்த அண்ணன்தான் அவருக்காக கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தவரு. எல்லாரும் பயந்துக்கினு ஒதுங்கனப்போ இவரு ஒருத்தர்தான் கூட நின்னாருன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

அடப்பாவி, வீட்டில் இப்படியா சொல்லி வைத்திருந்தாய்? 'இல்லைம்மா' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். இன்றுவரை என்னை எங்கே பார்த்தாலும் உன் மனைவி கும்பிடுகிறார். நானும் திருப்பிக் கும்பிடுகிறேன்.