காலியான கட்டம்

வெள்ளிக்கிழமை, இரவு. காற்று இன்னும் அடங்கவில்லை.

தேங்காய்ப்பட்டணம் படகுக்காரர்களுக்காக நான் எழுதிய செயலியில், ஒவ்வொரு படகும் கடைசியாக வயர்லெஸ்ஸில் கரையோடு பேசிய தேதி ஒரு கட்டத்தில் தெரியும். அதன் நிரலில், படகு விவரங்களை வைக்கும் கிளாஸில், அந்தத் தேதிக்குத் தகவல் வராதபோது தானாக விழும் ஆரம்ப மதிப்பாக 'இன்று' என்று வைத்திருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இராது என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை. அதனால் கரையை விட்டபின் ஒரு சொல்கூட வராத படகுக்கும் தினமும் அன்றைய தேதியே விழுந்திருக்கிறது. இன்று காலைதான் கண்டேன். 'இன்று' என்ற அந்த வரியை நீக்கினேன். ஒரே ஒரு படகின் கட்டம் காலியானது.

மதியம் அந்தப் படகில் போனவரின் மனைவி ஸ்டெல்லா செல்போனும் கையுமாக வந்தாள்.

"அக்கா, நேத்து வரைக்கும் தேதி கெடந்துதே! பேசிட்டுதான் இருக்காவன்னுல்லா பிள்ளையளுட்ட சொன்னேன்."

அது யாரும் பேசி வந்த தேதி இல்லை, கணினி தானாகப் போட்டது என்றேன். அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய்யின்னா பொய்யாட்டே கெடக்கட்டும். திருப்பிப் போட்டுருங்கக்கா. எனக்க மாமியா காலம்பற எழும்பினா மொதல்ல அதத்தான் பாப்பாவ."

"முடியாது மக்கா."

"ஒங்களுக்கு ஒரு வரி எழுதுத வேலதானே?"

ஒரு வரிதான். அவள் போய்விட்டாள்.

அந்த மாமியாரையும் பிள்ளைகளையும் இனி யார் என்ன சொல்லித் தேற்றுவார்கள்? தேடப் போன கடலோரக் காவல்படையிடமிருந்தும் செய்தி இல்லை.

சாப்பிட்டபின் செயலியைத் திறந்து பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.