பூட்டுப் போட வந்த எதிராளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, இருமல் என்று எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன். அப்பாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, வாதம் வந்த வலது கை அப்படியேதான், இடது கையால் ஸ்பூனைப் பிடித்துப் பாதி சாப்பிடுகிறார், மீதி என் புடவையில். தினமும் இரண்டு வேளை போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்குத் திடீரென்று கடிதம் எழுதுகிற பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று நினைப்பாய். போனை எடுத்தாலே ஸ்பீக்கரில் போடு என்று அப்பா கையை ஆட்டுகிறார், போடாவிட்டால் முகம் வாடிவிடுகிறது. அவருக்குப் பேச்சுதான் போனதே தவிர காது இன்னும் பாம்புக் காது. இந்த வீட்டில் அவருக்குக் கேட்காமல் நான் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

போன வாரம் கேட்டாயே, யாரும்மா அந்த ஆளு, வாரா வாரம் வந்து உக்காந்திருக்காரு, அப்பா ஏன் சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்திருக்காரு, இனிமே வர வேணாம்னு சொல்லிடும்மா என்று. ஹாலில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பார்த்திருக்கிறாய். பூட்டு சரிபண்ண வந்தவர் என்று சொல்லிச் சமாளித்தேன். வாரா வாரம் பூட்டு சரிபண்ண நம் வீட்டில் என்ன கஜானாவா இருக்கிறது, நீ நம்பியிருக்க மாட்டாய். அவரை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன், பாதியில் எழுந்து போய்விடாமல் படி.

நீ கல்லூரியில் படிக்கும்போது வாங்கின அந்தப் போர் விளையாட்டுப் பெட்டி பரணில் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா, தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டம் போட்ட பெரிய வரைபடம், டாங்கிப் படம் போட்ட அட்டை வில்லைகள், பகடை. பழைய போர்வை தேடப் போனபோது கையில் அகப்பட்டது. அப்பாவுக்கு இப்போது வாயில் தெளிவாக வருவது ஒரே வார்த்தைதான், எங்க. நான் எழுந்தால் எங்க, குளிக்கப் போனால் எங்க, அடுப்பை அணைக்கப் போனால் எங்க. டிவி சத்தம் ஆகாது, நான் அடுத்த அறைக்குப் போனால் ஆகாது. அவர் கண்ணெதிரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது, அந்தப் பெட்டியைப் பிரித்தேன். விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து நானே சிவப்பு, நானே நீலம். சிவப்புக்கு ஆடும்போது ஜன்னல் பக்க நாற்காலி, நீலத்துக்கு ஆடும்போது அடுப்படிப் பக்க நாற்காலி. ஆனால் எங்கே பதுங்கியிருக்கிறோம் என்று நமக்கே தெரிந்த பிறகு என்ன சண்டை வேண்டிக் கிடக்கிறது. ஆட்டம் உப்புச் சப்பில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் அப்பா கதவைத் திறந்துகொண்டு மாடிப்படி இறங்கிக் கீழ்வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் சொல்லவில்லை, நீ பதறுவாய். அன்றைக்கே உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கிற மாதிரி பூட்டு வேண்டும் என்று ஒருவரை வரச் சொன்னேன். வேலை முடிந்து சாவியை என் கையில் கொடுத்தவர் மேஜையைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போடாமல் அப்படியே நின்றுவிட்டார். இந்த டாங்கிய ஏன் இங்கயே விட்டு வெச்சிருக்கீங்க, சாகட்டும்னா என்று கேட்டார். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்துவிட்டால் நகர முடியாதே, ஒன்று சாகும்வரை இரண்டும் அங்கேயேதான் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, நான் பக்கத்தைத் திருப்பி மிச்சத்தைப் படிக்கவில்லை. அதுக்காக, காலம் பூரா நிக்கணுமா என்ன, நம்ம படையிலேயே இன்னொன்னக் கொண்டாந்து அந்த எடத்துல நிறுத்துங்க, இது வெளிய வந்துரும் என்று சொல்லித் தன் விரலாலேயே நகர்த்திக் காட்டினார். இத்தனை மாதமாக என் டாங்கிகளை எல்லாம் நின்ற இடத்திலேயே சாகவிட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போனபிறகு அடுப்படியில் போய் அழுதேன், அப்பா எங்க, எங்க என்று கூப்பிடும்வரை அழுதேன்.

அவரும் இந்த விளையாட்டு ஆடுகிறவர். புதன்கிழமை மத்தியானம் அவர் கடைக்கு அரைநாள் லீவு, அன்றைக்கு வருவார். அவர் சம்சாரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், அவளே போனில், நீங்க அவரைக் கூட்டி வெச்சிக்கிட்டா எனக்கு நிம்மதி, வீட்டுல சோபா மேல எல்லாம் டாங்கி என்று சொல்லிச் சிரித்தாள், ஆகவே நீ நினைப்பது எதுவும் இல்லை. அவர் என்னை டிப்போக்கா என்பார், நான் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் வைத்த பெயர். தோற்றவர் வில்லைகளை எல்லாம் நிறம்வாரியாகப் பிரித்து முட்டைத் தட்டில் அடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம், பெரும்பாலும் அவர்தான் முனகிக்கொண்டே அடுக்குவார். முதல் தடவை அவர் வரைபடத்தில் இருக்கிற பாலத்துக்கு நேராகப் படையை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் பஸ் நின்றுபோனால் அனுப்ப டிப்போவில் இரண்டு வண்டி சும்மா நிறுத்தி வைப்போமே, அந்த மாதிரி நான் காட்டுக்குப் பின்னால் இரண்டு டாங்கியை வில்லையைக் கவிழ்த்து மறைத்து வைத்திருந்தேன். அவை வெளியே வந்ததும், அக்கா, நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல என்றார். அடி பெண்ணே, நான் அடுத்து என்ன செய்வேன் என்று அப்பாவுக்குத் தெரியும், மாத்திரை டப்பாவுக்குத் தெரியும், உன் கேமராவுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்த மனுஷன்தான். வாரம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் மூச்சு விடுகிறேன் என்று எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பூட்டுக்காரர் வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு நாள் நல்ல கையால் மேஜையை ஒரே வீச்சாக வீசிவிட்டார், வில்லைகள் அலமாரிக்கு அடியில் எல்லாம் சிதறின. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது, கத்தவில்லை, கேமராவில் கேட்கும். பூட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார், எது எங்கே இருந்தது என்று நினைத்து நினைத்து வைத்தார், தப்பாக வைத்ததை நான் திருத்தினேன், ஆட்டம் தொடர்ந்தது. இனிமேல் இந்த ஆள் வரமாட்டார் என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை மணி அடித்தது. ஒரு இரும்புத் தகடும், வில்லைக்கு அடியில் ஒட்ட ஒரு பை நிறையக் காந்தமும் கொண்டுவந்திருந்தார். அப்பா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்குப் பயம், நான் கதவைத் தாண்டினால் திரும்ப மாட்டேன் என்று பயம். அவர் பயப்படுவதில் தப்பும் இல்லை, சில நாள் கதவு வரைக்கும் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஹார்டுவேர் கடையின் பின்னால் இருக்கிற கிடங்கில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் கூட்டம் கூடுகிறது, பல் டாக்டர் ஒருவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி, இன்னும் சிலர். பெரிய லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இருட்டும் வரை ஒரே ஆட்டம், இரண்டு கட்சியாக. நடுப்படை எனக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேன்காரப் பெண் எதிர்க்கட்சி, இன்னும் என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை, டிப்போக்காவ நொறுக்காம விடமாட்டேன்னு சொல்லுங்க என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆனால் போவது எப்படி. நர்ஸ் வைத்துப் பார்த்தேன், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. உன் சித்தப்பாவைக் கேட்டேன், இந்த வயசுல பொம்மை விளையாட்டா அண்ணி என்றார், அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பா என்னை விட்டால் உன் கையால்தான் சாப்பிடுவார்.

அங்கே வந்துவிடுங்கள், வீட்டை ஒழித்துவிடலாம் என்கிறாய். நல்ல மனசோடுதான் சொல்கிறாய். அங்கேயும் ஒரு ஹால், ஒரு நாற்காலி, ஒரு எங்கதான், புதன்கிழமை மட்டும் இருக்காது. அதனால் எனக்கு நீ மாத்திரையும் மெத்தையும் அனுப்ப வேண்டாம். குட்டியின் லீவில் நீ வா. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவோடு இரு, நான் போகிறேன். பொழுது சாய்ந்ததும் வந்துவிடுவேன், அதை உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை எதற்கெடுத்தாலும் அதட்டாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருவதாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் சொல். வர முடியாது என்றால் போனில் சொல்லாதே, எழுது. போனில் சொன்னால் அப்பாவும் கேட்பார், அவர் முகத்தில் வரப்போகிற நிம்மதியை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா