முழுக் கரும்பு தூக்கி வந்த அண்ணனுக்கு

அண்ணே,

பச்சை மஞ்சள் கொத்தின் வாசம் காலையிலிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. நான் வாங்கிய மஞ்சள் இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள் பானையில் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், அப்படியும் வாசம் போகவில்லை. தெரு முழுக்கப் பொங்கல். என் வீட்டு அடுப்பு மட்டும் ஆறிக் கிடக்கிறது. பேச ஆளில்லாத கிழவி ஒருத்தி, ஐப்பசியில் செத்துப்போன உங்களுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

மஞ்சள் வாசம் வந்தால் எனக்கு உங்கள் தோள்தான் ஞாபகம் வரும். கரும்புக் கட்டோடு மஞ்சள் கொத்தையும் சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டு, தோகை தெருவைப் பெருக்க, நடு ரோட்டில் நடந்து வருவீர்கள். ஓரமாக வரவே மாட்டீர்கள்.

உங்களை முதலில் பார்த்தது திருச்சியில், பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கிற ஒரு இல்லத்தின் வராந்தாவில். எழுபதுகளின் நடுவில் இருக்கும். எங்கள் மடியில் வசந்தி. உங்கள் மடியிலும் ஒரு பெண் குழந்தை. பால் பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்று நீங்களும் அண்ணியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் அரியலூர், நீங்கள் ஜெயங்கொண்டம், அதனால் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அழுதன. "ரெட்டப் புள்ளைங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஆமா சார். ஒண்ணு அவங்க வூட்டுல வளரும், ஒண்ணு எங்க வூட்டுல வளரும்" என்றீர்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மற்ற நாட்களில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு ரயில்வே வேலை, எனக்கு வசந்தி. ஐப்பசி பிறந்து தை முடிகிறவரைக்கும் உள்ள நாட்கள்தான் தொண்டையில் மாட்டிய முள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ பொங்கல் சீர் கொண்டு வருவார்கள். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள், புதுத்துணி. "எங்க வூட்டுக்கு வந்துடுச்சு, ஒங்களுக்கு எப்ப?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். தா.பழூரில் இருந்த என் அண்ணன், தன் இரண்டாவது மகனை நாங்கள் தத்தெடுத்துக்கொள்வோம் என்று நினைத்திருந்தார். ரத்தம் தெரியாத பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டேன் என்று சீரை நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டிலும் அண்ணியின் அண்ணன்மார் அதே கதைதான்.

வசந்தி நடக்க ஆரம்பித்த வருடம் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டே, பொங்கல் வருகிறதே என்று நானும் அண்ணியும் அழுதோம். நீங்கள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தீர்கள்.

"ரெண்டு பேருக்கும் அண்ணன் வரல, அதான? வெளியில ரெண்டு ஆம்பளைங்க சும்மா ஒக்காந்து சீட்டு ஆடிக்கிட்டிருக்கோம். இதுக்கு எதுக்கு அழுவாச்சி?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த பொங்கலிலிருந்து நீங்கள் எனக்குச் சீர் கொண்டு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் அண்ணிக்குக் கொண்டு போனார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் மாதிரி, மச்சான் மச்சான் என்று இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு போகியன்று நீங்கள் ஏறி வந்த பஸ்ஸும் அவர் ஏறிப்போன பஸ்ஸும் நடுவழியில் வி.கைகாட்டியில் ஒரே நேரத்தில் நின்றனவாம். இரண்டு பஸ்ஸின் மேலேயும் கரும்பு. டீக்கடையில் வைத்து அவர் கேட்டிருக்கிறார்: "அதே கரும்பு, அதே வெல்லம். இங்கயே மாத்திக்கிட்டு ஆளுக்கொரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிடலாமே மச்சான், பஸ் சார்ஜாவது மிஞ்சும்."

"கரும்பு மாறிடும் மச்சான். தெருவுல யாரு நடந்து போறது?" என்றீர்களாம்.

கண்டக்டர்கள் எவ்வளவு திட்டினாலும் கரும்பை நீங்கள் வெட்டியதே இல்லை. சீர்க் கரும்பு தோகையோடு முழுசாகத்தான் போகவேண்டும் என்பீர்கள். வாசலில் நீங்கள் அதைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டால் வசந்தி எங்கிருந்தாலும் ஓடி வருவாள்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது அது நடந்தது. நீங்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வசந்தி சுற்றிக்கொண்டிருந்தாள். அது அவள் கணுக்கால் வரை தொங்கியது. அப்போது வாசலில் என் அண்ணன் வந்து நின்றார். அரிசி மூட்டை, கரும்பு, தாம்பாளம் எல்லாம் இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துப் பேச மாட்டேன். காலில் விழுந்து அழுதேன். அண்ணன் வந்துவிட்டார், இனி எனக்கு ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்றுதான் தோன்றியது. உங்களை ஒரு நிமிஷம் மறந்தே போனேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "சொந்த அண்ணன் வந்துட்டாங்க. அப்ப நான் போயிட்டு வரேன் தங்கச்சி." வாசலில் போய்த் தேடுகிறீர்கள், ஒரு செருப்பைக் காணோம். வசந்தி அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

செருப்பைத் தேடுகிற நேரத்தில் அண்ணன் தாம்பாளத்தைத் திறந்தார். எனக்குப் புடவை, என் வீட்டுக்காரருக்கு வேட்டி துண்டு. வசந்தி பக்கத்தில் போய் நின்று, புடவையைத் தூக்கி அடியில் பார்த்தாள். "எனக்கு?" என்று கேட்டாள்.

"ஒனக்கு ஒன்னோட ஊர்லேந்து வரும்" என்றார் அண்ணன்.

அவள் அதை உண்மை என்றே நம்பி, எந்த ஊர் என்று என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தை மூடி அண்ணன் கையில் கொடுத்தேன். "எடுத்துட்டுப் போங்கண்ணே. எம்புள்ளைக்கு இல்லாத சீரு எனக்கு வேண்டாம்." அரிசி மூட்டையை அவர் தோளில் என் வீட்டுக்காரர்தான் ஏற்றிவிட்டார். தெருவே பார்த்தது. அதற்கப்புறம் என் அண்ணன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் வாசலில் சாய்ந்திருந்த கரும்பை நேராக நிமிர்த்தி வைத்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "அவரு போனதுக்கு நான் ஈடில்ல தங்கச்சி. அவரு அவருதான். நான் கரும்பு தூக்குறவன். ஆனா தூக்குறத நிறுத்த மாட்டேன்." அப்போது கொஞ்சம் வலித்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் அன்றைக்கு உண்மை பேசியது நீங்கள் ஒருத்தர்தான். அண்ணனுடைய இடம் காலியாகத்தான் இருந்தது. ஒரு மார்கழியில் அவர் இறந்ததைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. தை பிறந்து தெரிந்தவர் யாரோ சொன்னார்கள். தெரியாமல் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டேனே என்று நான் அழுதபோது, நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். என் வீட்டுக்காரர் எப்போதோ போனார். வசந்தி ஓசூரில் இருக்கிறாள். ஐப்பசியில் தகவல் வந்து ஜெயங்கொண்டம் ஓடி வந்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எட்டிப் பார்க்காத உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், "கூடப் பொறந்தவங்கல்லாம் வந்து வாய்க்கரிசி போடுங்க" என்றார். நான் ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு முன்னே வந்தேன். பக்கத்தில் நின்ற பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "நீங்க எந்த வழிங்க?"

எனக்கு வாய் வரவில்லை அண்ணே. எந்த வழி என்று சொல்ல? அண்ணி நினைவில்லாமல் உள்ளே கிடந்தார். உங்கள் மகள் உங்கள் தலைமாட்டில். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அரிசி என் கையிலேயே இருந்தது. பஸ்ஸில் வரும்போதும் விரலைப் பிரிக்கவில்லை. ஊருக்கு வந்துதான் குருவிக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை.

இறப்பு நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை. அண்ணி வைக்கமாட்டார், சரி. எனக்கு என்ன முறை என்று கேட்க ஆளில்லை. வசந்தியிடம் போனில் கேட்டேன். "இதென்னம்மா கேள்வி? நானே வைக்கல. மாமா செத்த வருசம் யாராவது வைப்பாங்களா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், பத்து வயதிலேயே சொல்லிவிட்டோம். அவள் யோசிக்கக்கூட இல்லை. நான்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதியம் எதிர் வீட்டுப் பெண் ஒரு தூக்கில் பொங்கலோடு வந்தாள். முப்பது வருடமாக எதிரில் இருப்பவள், நம் கதை எதுவும் தெரியாதவள். "என்னங்கம்மா, வாசல்ல கோலம் இல்ல, அடுப்பும் பத்தலையே?" என்றாள்.

"அண்ணன் தவறிட்டாரு" என்றேன். ஜெயங்கொண்டத்தில் வராத வாய், என் வாசலில் வந்துவிட்டது.

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரும்பு தூக்கிட்டு நடு ரோட்டுல வருவாரே, அவரா? அய்யய்யோ. எத்தன வருசமா பாக்குறேன்! அந்த நடையும் முகவாயும் அப்படியே ஒங்களோடதும்மா. அண்ணன் தங்கச்சின்னு யாரும் சொல்லவே வேண்டாம்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வந்த பொங்கலை, துக்கக்காரியாகவே வாங்கி வைத்துக்கொண்டேன்.