சப்பரம் திரும்புகிற முக்கு

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குக் கடையில் இரண்டு காதுகுத்து, ஒரு திராட்சை மண்டித் திறப்பு, ஒரு கண்ணீர் அஞ்சலி. காதுகுத்து ஃப்ளெக்ஸில் பிள்ளையைவிட மாமன்மார்கள் அதிகம். கண்ணீர் அஞ்சலியில் செத்தவர் போட்டோ சின்னது, அழுகிறவர்கள் போட்டோ பெரிசு. கம்பம் டவுனில் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவளுக்கு மனுஷக் குணத்தைப் பற்றி யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஆத்தா, இந்த வருசம் நான் பேண்டுக்குப் போகல" என்றார். மாதா சப்பரத்துக்கு முன்னால் டிரம்பெட் ஊதிக்கொண்டே கிழவனானவர். இனிமேல் என் தம்பி ரெக்ஸ்தான் முன்னால் போவான். "வாசல்ல கட்டிலப் போட்டு உக்காந்துக்கிறேன். சத்தமாவது காதுல விழும்ல" என்று வேறு சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சத்தம்தான் விழும். சப்பரம் எங்கள் கீழத்தெரு முக்கு வரைக்கும் வரும், நிற்கும், திரும்பிப் போய்விடும். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான் காரணம். ஆனால் அதை மேலத்தெருக் கிறிஸ்தவர்கள் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். முதலில் கரண்டு கம்பி இடிக்கும் என்றார்கள். ரெக்ஸ் மனு மேல் மனு கொடுத்துக் கம்பியை உயர்த்த வைத்தான். அப்புறம் சாக்கடைப் பாலம் தாங்காது என்றார்கள். பாலம் புதுசாகப் போட்டாச்சு, ஜல்லி லாரியே போகிறது. மாதா என்ன ஜல்லி லாரியைவிடக் கனமா? ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லாம் நனைந்தது, சாதி மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது போல.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் இன்னாசிமுத்து மைக்கைப் பிடித்தார். அவர் மகன் திலீபன் அமெரிக்காவில் இருக்கிறான். போன வாரம் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போயிருக்கிறான். உட்காரவே விடவில்லையாம்.

"நெறத்தப் பாத்து எம் மகன நிக்க வச்சுட்டானுகய்யா! மேசை காலியாக் கெடக்கு. ஆள் வருதுன்டு சொல்லிருக்கானுக. ஒங்க நாட்டுக்கே போடான்டும் ஒருத்தன் சொல்லிருக்கான். மனுசன மனுசன் இப்பிடி நடத்தலாமா?"

சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோயிலே உச்சுக் கொட்டியது. எனக்கும் மனசு கேட்கவில்லை. திலீபன் நல்ல பையன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு போலீஸ்காரன் ஒரு கறுப்பினத்தவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றபோது, ஊர்வலத்தில் இவனும் அட்டை பிடித்துப் போனவன். வாட்ஸ்அப்பில் இன்னமும் முஷ்டி படம்தான் வைத்திருக்கிறான்.

எங்கள் ஆட்கள் எப்போதும் உட்காருகிற இடது பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து ரெக்ஸ் என் காதில், "அக்கா, முன்னால நாலு பெஞ்சு காலியாக் கெடக்கு. ஆள் வருது போல" என்றான். முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

தலைவர் கடைக்கே வந்துவிட்டார். கண்டன ஃப்ளெக்ஸ் வேண்டுமாம், இருக்கிறதிலேயே பெரிய அளவில்.

"எழுது தாயி. பிறப்பைப் பார்த்து மனிதனை ஒதுக்குவது பாவம். அடுத்த வரி, எல்லோரும் ஒரே கடவுளின் பிள்ளைகள்."

எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். பக்கத்தில் அந்த நாட்டில் கறுப்பினத்தவர்கள் அந்தக் காலத்தில் போராடின படம் ஒன்று போடணும், திலீபன் அனுப்பியிருக்கிறான் என்றார். இந்தப் பக்கம் அவர் படம், கை கூப்பிக்கொண்டு.

"எங்கன கட்டப் போறீக?"

"கீழத்தெரு முக்குலதான். கம்பம் பஸ்ஸுல போறவுகளுக்கு நல்லாத் தெரியும்."

நான் கீபோர்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. முதலாளி சண்முகராஜ் அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே.

ஜூலை 17, வியாழன்

அந்தப் படத்தைத் துடைத்துச் சரிபண்ணுவதற்காகப் பெரிசாக்கினேன். நாலைந்து பேர் ஓட்டலில் நீள மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன வயசு, காலேஜ் பிள்ளைகள். பின்னால் கும்பல் நின்றுகொண்டு அவர்கள் தலையில் சாஸும் சீனியும் கொட்டுகிறது. இவர்கள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு பெண்ணின் முடியிலிருந்து சொட்டுகிறது, அவள் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கறுப்பினத்தவர்களுக்குச் சாப்பாடு தராத ஓட்டலாம், அதனாலேயே போய் உட்கார்ந்தார்களாம்.

இதற்கு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்! அதுவும் சர்ச்சில் கூடி. பாதிப் பேர் கும்பலாக நடித்து வசவு வைவார்களாம், முடியைப் பிடித்து இழுப்பார்களாம். மீதிப் பேர் கை ஓங்காமல் உட்கார்ந்து பழகுவார்களாம். எங்கள் ஊரில் சண்டைக்கு ஒத்திகை பார்த்தவர்களைத் தெரியும். சண்டை போடாமல் இருப்பதற்கு ஒத்திகை பார்த்தவர்களை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ராத்திரிச் சோற்றில் ரெக்ஸிடம் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் யோசித்துக்கொண்டே இருந்தான். "அக்கா, பேண்டு ஊதாம சப்பரம் ஒரு எட்டு நகராதுல்ல?"

நகராது. அது அவர்கள் போட்ட வழக்கம். தூக்கின சப்பரத்தை வழியில் தரையில் இறக்கவும் கூடாது. அதுவும் அவர்கள் போட்டதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

வயிறு வலிக்கிறது. சிரித்துத்தான்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை. பேண்டு செட்டு மொத்தமும் தரையில் உட்கார்ந்தது. யார் வைவது? நான், நீ என்று தயங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு சாராள் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கலே" என்று வந்தார். ஆரம்பித்தார் பாருங்கள்! ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்தினார். நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. சாஸ் இல்லாததால் ரெக்ஸ் தலையில் மத்தியான ரசத்தை ஊற்றினார். பெரிய டிரம் அடிக்கிறவன் பொறுக்க முடியாமல் எழுந்து, "அத்தை, எங்க அம்மாவ எதுக்கு இழுக்குற?" என்று அடிக்கப் போய்விட்டான்.

"ஏலே, எந்திரிக்கக் கூடாதுன்டு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தின ரெக்ஸும் எழுந்து நின்றுதான் கத்தினான். மறுபடி முதலிலிருந்து.

கட்டிலில் உட்கார்ந்து அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, "நெசமாலுமே வஞ்சாக்கா தாங்குவியாடா?" என்றார்.

"நெசமா வையுறதத்தானப்பா இம்புட்டு நாளாத் தாங்குறோம்" என்றான் ரெக்ஸ், மீசையில் கொத்தமல்லியோடு.

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாவது ஒத்திகை. ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. சாராள் அத்தைக்குப் புதிய வசவு தீர்ந்துவிட்டதாம், கம்பம் மார்க்கெட்டில் நின்று கேட்டுப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

கொடியேற்றம். பூசை வைக்க வந்த வெளியூர்ச் சாமியார் ஒருவர் முக்கில் ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு, "நல்ல வாசகம், சப்பரம் இந்தத் தெருவுக்குள்ளயும் போகும்ல?" என்று தலைவரிடமே கேட்டிருக்கிறார். வெள்ளந்தியாகத்தான் கேட்டிருப்பார், பாவம்.

சாயங்காலமே தலைவர் கடைக்கு ஓடி வந்தார். அதை மறைக்கிற மாதிரி மேலே ஒரு திருவிழா வாழ்த்து ஃப்ளெக்ஸ் வேண்டும்.

"மறைக்கிறதுக்குப் பதிலா எறக்கிறலாமே?" என்றேன்.

"அதுல எம் மூஞ்சி இருக்கு தாயி! திருவிழா நேரத்துல எம் மூஞ்சிய எறக்குனா ஊரு என்ன பேசும்? புதுசுலயும் எம் மூஞ்சியப் போட்டுரு. வேற கடையெல்லாம் சீசன் வேலையில கைய விரிச்சுட்டானுக."

"மெஷின் ஹெட்டு அடைச்சுருச்சே" என்று சொல்லிவிட்டேன். உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது! சண்முகராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். அவர் குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு விளக்குப் போடுகிறவர், எங்கள் ஊர் வழக்கில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் என் பொய்யை மட்டும் சொன்னால் போதுமா, அவருடையதையும் சேர்த்துச் சொல்லணுமா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பயமா இருக்கு. சிரிச்சுச் சிரிச்சு இழுத்துவிட்டாச்சு, அன்னைக்கு எவனாவது கல்லெடுத்தா? ரெக்ஸ் ஒத்தைத் தம்பி. பேண்டை இனி எந்த ஊரும் கூப்பிடலைன்னா? படம் பாத்தேன், கதை சொன்னேன், எல்லாம் நான்தானே.

சப்பரம் எங்கள் தெருவுக்குள் வரலாமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். "எனக்குச் சம்மதம்தாம்மா, கமிட்டிதான்..." என்று இழுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், கமிட்டி கொடுக்கவில்லை.

அப்பாவிடம், "விட்டுருவமாப்பா?" என்றேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மாதாவுக்கு நம்ம தெரு தெரியும் ஆத்தா. தூக்குறவுகளுக்குத்தான் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெள்ளைச் சட்டையக் கஞ்சி போட்டு வையி" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக வருகிறது, வரட்டும்.

வெயில் தாழச் சப்பரம் கிளம்பியது. நானும் சாராள் அத்தையும் முக்கில் நின்றோம். பேண்டு முன்னால் வந்தது, ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே வந்தது, வாசிப்பை நிறுத்தியது, பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. டிரம் அடிக்கிறவன் டிரம்மைக்கூட மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

"கீழத்தெருவுக்குள்ளயும் மாதா வரணும். வந்தா வாசிக்கிறோம்" என்றான் ரெக்ஸ். குரல் கொஞ்சம் பிசிறியது.

பின்னாலிருந்து ஆட்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். அப்புறம் வசவு கிளம்பியது. சாதியைச் சொல்லி, தொழிலைச் சொல்லி, பெண்டுகளைச் சொல்லி. எனக்குக் காது கொதித்தது. சாராள் அத்தை மட்டும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "இம்புட்டுத்தானா? இத நான் மொத நாளே சொல்லிட்டேனே!" என்று அவர் முணுமுணுத்தது பேண்டுக்குக் கேட்டுவிட்டது. டிரம் அடிக்கிறவனுக்குத் தோள் குலுங்கியது. அடுத்தவனுக்கும். மொத்தப் பேண்டும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. ஒருவன் ரெக்ஸ் தலையில் தண்ணீர் பாக்கெட்டை உடைத்து ஊற்றினான். "ரசத்துக்கு இது தேவல" என்றான் என் தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டான், தண்ணீரா வேறா தெரியவில்லை.

தலைவர் கையில் போன் இருந்தது. திலீபனுக்கு வீடியோவில் சப்பரம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ஏன்ப்பா நிக்குது? அவங்க ஏன் கீழ உக்காந்திருக்காங்க?" என்று போன் கேட்டது. தலைவர் நிமிர்ந்தார். மேலே அவரே கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். "சிக்னல் இல்லப்பா" என்று அணைத்துவிட்டார்.

இதற்குள் சப்பரம் தூக்கினவர்களுக்குத் தோள் விட்டுப்போச்சு. இறக்கவும் முடியாது, நகரவும் முடியாது. "தோள் மாத்துங்கப்பா!" என்று கத்துகிறார்கள். மாற்றுத்தோள் கொடுக்க வேண்டியவர்கள் எல்லாம் வீட்டில் விருந்தாட்களோடு பிரியாணியில் இருக்கிறார்கள். முன்பக்க இளவட்டம் ஒருவனுக்குக் கால் பின்னியது. சப்பரம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஒருக்களித்தது. கூட்டம் "ஐயோ தாயே" என்று அலறியது.

எந்திரிக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது என்று அத்தனை ஒத்திகை பார்த்தவர்கள், அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். டிரம்பெட்டைத் தரையில் போட்டுவிட்டு ரெக்ஸ் சப்பரம் தூக்குகிற கொம்புக்கு அடியில் தோளைக் கொடுத்தான். நாலு பக்கமும் எங்கள் பையன்கள். எங்கள் தெரு ஆள் ஒருவன் அந்தக் கொம்பைத் தொட்டது இதுதான் முதல் தடவை. தொடாதே என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சப்பரம் நிமிர்ந்தது.

"எங்கிட்டுப் போக?" என்றான் ரெக்ஸ்.

அவன் தோளுக்குப் பக்கத்துத் தோள், மேலத்தெரு இளவட்டம், மூச்சிரைத்துக்கொண்டு, "யப்பா, வளைக்கத் தெம்பில்ல. நேராப் போங்க" என்றான்.

நேரே எங்கள் தெரு.

டிரம் மட்டும்தான் அடித்தது, ஊத ஆளில்லை. ஊதுகிறவர்கள் எல்லாரும் தோள் கொடுத்திருந்தார்கள். பெண்டுகள் அடுக்களையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பூ யாரும் வாங்கி வைக்கவில்லை, தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்கள். தலைவர் முக்கிலேயே நின்றுவிட்டார், மேலே ஒரு இன்னாசிமுத்து, கீழே ஒரு இன்னாசிமுத்து.

எங்கள் வாசலில் நின்றது. அப்பா கஞ்சி போட்ட சட்டையோடு கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றார். சாராள் அத்தை டிரம்பெட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஊதினார். கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. தெருவே சிரித்தது. மறுபடி ஊதினார், மறுபடி அதே கன்றுக்குட்டி. அப்போதுதான் பார்த்தேன், உதடு கோணிக்கொண்டு அழுகிறார். எங்க அப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அம்மா செத்த அன்னைக்குக்கூடப் பாக்கல.

ஆகஸ்ட் 16, சனி

நாளைக் காலை கமிட்டி கூடுகிறதாம். அடுத்த வருஷம் பேண்டு வெளியூரிலிருந்து வருமாம், அப்படி ஒரு பேச்சு. மேலத்தெருக் கடையில் சாராள் அத்தைக்கு வெங்காயம் இல்லை என்றார்களாம், மூட்டை தெரிகிற மாதிரியே வைத்துக்கொண்டு. அந்த முன்பக்க இளவட்டம் மட்டும் காலையில் பைக்கை நிறுத்தி, "ரெக்ஸு, தோள் எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பால்காரர் வேலுச்சாமி அண்ணன் வண்டியை நிறுத்தி, கட்டிலில் இருந்த அப்பாவிடம், "என்ன ஆரோக்கியண்ணே, தெருவெல்லாம் பூவாக் கெடக்கு?" என்றார்.

"நேத்து மாதா வந்துட்டுப் போனாக" என்றார் அப்பா, அடிக்கடி வந்து போகிற சொந்தக்காரியைச் சொல்கிற மாதிரி.

பால்காரர் போனதும் நான் குனிந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டாத ஆத்தா. இன்னைக்கு ஒரு நாளைக்குக் கெடக்கட்டும்."