சீல் உடையாமல் திறந்த கதவு

இன்று காலை ஒரகடம் யார்டுக்குள் வந்து நின்ற காலி கன்டெய்னரின் கதவில் புது பெயின்ட் வாசனை அடித்தது. ஓட்டி வந்தவர் அவசரத்தில் பேப்பரை நீட்டினார். நான் வாங்காமல் கதவருகே போய் மோந்து பார்த்தேன். “இன்னாம்மா, கன்டெய்னரைப் போய் மோந்து பாக்குறீங்க?” என்று சிரித்தார். கைப்பிடியைப் பிடித்திருக்கும் போல்ட்டை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்டுக்கு அடியில் பழைய துரு இருந்தது. போல்ட்டை யாரும் மாற்றவில்லை, எல்லாம் சரிதான். ஆனால் அதற்கப்புறம் வெகுநேரம் எனக்கு உன் ஞாபகமாகவே இருந்தது.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதெல்லாம் வாட்ஸ்அப்பில் ‘பஸ் வந்திச்சா’, ‘டீக்கு வர்றியா’, அவ்வளவுதான். இது கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் இந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் சரக்கை வாங்கி, கன்டெய்னரில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்புகிற கம்பெனி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு இருந்தவள். ஆபீசில் ஏற்றுமதிப் பேப்பர்கள் என் வேலை. நீ சேரப்பணஞ்சேரிக்காரி, கேட்டில் செக்யூரிட்டி. அதற்கு முன் சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள். “அங்க ஒரு கேள்வி கேட்டா லைன் நின்னுடும்னு சூப்பர்வைசர் கத்துவான். இங்க வர்றவன் போறவன் கிட்ட கேள்வி கேக்கறதுதான் வேலையே. எனக்குன்னே வெச்ச வேலைடி” என்பாய்.

நம் கம்பெனி சுங்கத்துறையோடு அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது ஞாபகமிருக்கிறதா? கேட், ஆட்கள், வண்டி, சீல் எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடி நாம் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு நம் கன்டெய்னர்களைத் துறைமுகத்தில் அடிக்கடி நிறுத்திப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மேனேஜர் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ மட்டும் என் மேசைக்கு வந்து, “கவர்மென்ட்டு நம்மள நம்புதுன்னு போட்டுக்கீது. இன்னாத்தைப் பாத்து நம்புது?” என்று கேட்டாய்.

அந்த ஏற்பாட்டின் விதிமுறைக் கட்டை என்னிடமிருந்து வாங்கிப்போய், சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் அதுவுமாக உட்கார்ந்தாய். இங்கிலீஷில் சிக்கினால் என்னை வாசிக்கச் சொல்வாய். நாலு சுவர், கூரை, தரை, வண்டிக்கு அடியே என்று ஒவ்வொரு கன்டெய்னரையும் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். டிரைவர்கள் உனக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் வைத்தார்கள். உனக்கு அதில் பெருமைதான்.

பிறகு அந்த மெயில் வந்தது. நாம் அனுப்பிய கார் உதிரிபாகங்களை வெளிநாட்டில் பிரித்திருக்கிறார்கள். சீல் உடையவில்லை. அதன் எண்ணும் சரியாக இருக்கிறது. ஆனால் உள்ளே பதினொரு பெட்டி இல்லை. சீல் அப்படியே இருக்கிறதென்றால் பெட்டிகள் ஏறவே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அப்போதெல்லாம் நாம் சரக்கு ஏறுவதைப் போட்டோ எடுப்பதில்லை. கைப்பிடியில் எண் போட்ட சீலை மாட்டிப் பூட்டிய கதவை மட்டும் ஒரு படம் எடுப்போம். அன்றைக்கு ஏற்றியவர் முனுசாமி அண்ணன். மறுநாள் காலையில் அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொள்ளும்படி உனக்குத்தான் உத்தரவு வந்தது.

வாங்கினாய். அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடம் வரை போய், திரும்பி வந்து, “நான் எண்ணித்தாம்மா ஏத்துனேன்” என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது உன் முகம் சரியாக இல்லை. “அவரு பொய் சொல்லலைன்னா சீல் பொய் சொல்லுது. சீல் எப்படிடி பொய் சொல்லும்?”

“ஏட்டி, அதப் போலீஸ்ல பாத்துக்கிடுவாவ. உனக்கு எதுக்கு?” என்றேன்.

“எனக்குத் தெரியணும்.”

வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய படங்களை என் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னாய். நம்முடைய படத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பெரிசு பண்ணச் சொன்னாய். ஒரே கதவு, ஒரே சீல், ஒரே எண். எனக்குக் கண் வலித்தது. நீ திரைக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாய். திடீரென்று என் தோளில் அடித்தாய். “இது இன்னாது? இங்க துருப் புடிச்சுக்கீது. அங்க பாரு, மினுக்குது.”

கைப்பிடியைக் கதவின் நீளக் கம்பியோடு இணைக்கிற போல்ட். நம் படத்தில் அதன் தலை காவி நிறத்தில் அரித்துப் போயிருந்தது. அவர்கள் படத்தில் வழுவழுவென்று, புது பெயின்ட்டோடு இருந்தது.

யார்டின் மூலையில் பழைய சாமான் போட்டு வைக்கிற கன்டெய்னர் ஒன்று உண்டே, அதன் கதவுக் கைப்பிடியில் ஒரு சீலைப் போட்டோம். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு அந்தப் போல்ட்டை மட்டும் எடுக்கச் சொன்னாய். அவர் நெட்டித் தள்ளியதும் கைப்பிடி தனியாகக் கழன்று சீலோடு தொங்கியது. கம்பியைக் கையாலேயே திருப்பினாய். கதவு திறந்துகொண்டது. “சும்மா தொங்குது பாரு, ஒண்ணுந்தெரியாத மாதிரி” என்று அந்தச் சீலைத் தட்டிச் சிரித்தாய். பெட்டியை எடுத்துவிட்டுப் புது போல்ட்டைப் போட்டு முடுக்கினால் யாருக்கும் தெரியாது.

மேனேஜர் முழுதாக ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “பஸ்ஸுல போற கஷ்டத்தை நாமே கார்ல கூட்டிட்டு வரக் கூடாதும்மா. இதை நாமளே எழுதிக் குடுத்தா சர்டிபிகேட்டைப் புடுங்கிடுவாங்க. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

நீ உட்காரவில்லை. “முனுசாமி அண்ணன்?”

“வேற இடத்துல வேலை பார்த்துத் தரலாம்.”

“சார், இப்படி நடந்தா உடனே சொல்லணும்னு அந்தப் பேப்பர்லயே கீது. இவதான் படிச்சுச் சொன்னா.” என்னைக் காட்டினாய். அவர் என்னைப் பார்த்தார். “ஆமா சார், இருக்கு” என்றேன். ஆறு வருஷ வேலையில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவர் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி அந்த வரியைத் தானே வாசித்தார். “டைப் பண்ணிக் கொண்டாம்மா” என்று கடைசியில் சொன்னார்.

கடிதம் போன மூன்றாம் நாள் சுங்கத்துறை அதிகாரி வந்தார். நாம் நினைத்தது போலச் சத்தம் போடுகிறவர் இல்லை. நீ செய்து காட்டினாய். “இன்னொரு தடவை” என்றார். காட்டினாய். “ஸ்பானரைக் குடுங்க” என்று வாங்கித் தானே கழற்றினார். சட்டையெல்லாம் கிரீஸ். “சீல் போட்டாச்சுன்னா முடிஞ்சுதுன்னு நாங்களும்தான் நெனைச்சுக்கிட்டிருந்தோம்” என்றார். சான்றிதழ் போகவில்லை. வண்டியின் பயணப் பதிவை எடுத்துப் பார்த்ததில், துறைமுகம் போகிற வழியில் நிற்க வேண்டாத இடத்தில் அது நின்றிருந்தது தெரிந்தது. மேற்கொண்டு போலீஸ் பார்த்துக்கொண்டது. யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை நமக்கு முழுசாகத் தெரியாது. உன்னை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

முனுசாமி அண்ணன் திரும்பி வந்த அன்று நீயே பாஸை அவர் கழுத்தில் மாட்டினாய். அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் பத்துப் பன்னிரண்டு கம்பெனி ஆட்களை அந்த அதிகாரி வரவழைத்தார். சூட் போட்டவர்கள் நடுவில் நீ யூனிபார்மோடு நின்று, இரண்டு கதவுக் கம்பிகளையும் சேர்த்துச் சுற்றுகிற கேபிள் சீலும் போட வேண்டும் என்று சொன்னாய். ஒருத்தர் சந்தேகமாக ஏதோ கேட்டார். “வாங்க சார், கயட்டிப் பாருங்க” என்று அவரைக் கூப்பிட்டாய். கூட்டமே சிரித்தது. அவரும் வந்து முயன்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கடைசியாக ஒன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலி கன்டெய்னருக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்வாயே, எங்காவது ஓட்டை இருந்தால் வெளிச்சம் உள்ளே வரும் என்று. அப்படி ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். முனுசாமி அண்ணன் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. மரத்தரையின் ஈர வாடை. உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்கு லீவுடி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக்கீறாரு” என்றாய்.

“என்னாச்சு?”

“தெர்ல. அதைப் பாக்கத்தானே போறேன்.”

“பயமா இருக்கா?”

“கீது. ஆனா இன்னான்னு தெரிஞ்சுக்கினா தேவல.” அப்புறம், “அதோ பாரு, மூலைல” என்றாய். கடுகளவு வெளிச்சம் தெரிந்தது. நீ சொல்லும்வரை நான் அதைப் பார்க்கவே இல்லை. நீ பார்த்திருந்தாய். அந்தக் கன்டெய்னரை வேண்டாமென்று திருப்பி அனுப்பினோம்.

அந்த நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் இடத்துக்கு ஆள் தேடினார்கள். நான் போய்க் கேட்டேன். மேனேஜர் நம்பவில்லை. எனக்கு இருட்டென்றாலே ஆகாதே என்று ஆபீசில் சிரித்தார்கள். இப்போதும் ஆகாதுதான். முதல் சில நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம் கண் பழகுகிறது. ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறேன். முனுசாமி அண்ணன் வெளியிலிருந்து கதவைத் தட்டி, “போதுமாம்மா, தொறக்கட்டா?” என்கிறார்.

“இருங்கண்ணே,” என்கிறேன், “இன்னும் பாத்து முடிக்கல.”