அருவியில் குளித்த நோயாளி

16 ஜூலை 1981, வியாழன்

மில்லில் விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடக்கும் என் வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸில் வந்த அரைச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் குற்றாலத்தில் குளித்தாராம். அதுதான் குற்றம்.

என் தம்பிகள் இரண்டு பேரும் தாங்கிப் பிடித்துத்தான் இவரை ஐந்தருவி ஓரத்தில் நிறுத்தினார்கள். நான் துண்டோடு தள்ளி நின்றேன். சம்பளத்தை நிறுத்திய இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டரும் உடம்பெல்லாம் எண்ணெயோடு அங்கேதான் நின்றார். "இடுப்பா அண்ணாச்சி? நல்லா காட்டுங்க, பிடிப்பு விட்டுரும்" என்று நகர்ந்து இடம் கொடுத்ததே அவர்தான்!

இன்று அவர் ஆபீசுக்கே போய்க் கேட்டேன்.

"வேலைக்குப் போகக் கூடாதுன்னு உங்க டாக்டர்தான எழுதியிருக்காரு சார்? சந்தேகம்னா இன்னொரு டாக்டர விட்டுப் பாருங்க."

"டாக்டர் எதுக்கும்மா? நாந்தான் கண்ணால பாத்தேன்லா."

மேலே யாரிடம் முறையிடலாம் என்று கேட்டேன். அதைச் சொல்வது தன் வேலை இல்லையாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது மட்டும் இவர்கள் வேலை.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். சாயங்காலம் இவர் சுவரைப் பிடித்து, அடிபட்ட பிறகு முதல் தடவையாகத் தானே எழுந்து உட்கார்ந்தார். நான் சந்தோஷப்படுவதற்குள், "ஏட்டி, சன்னலச் சாத்து. யாராவது பாத்துரப் போறாவ" என்றார்.

சாத்த மாட்டேன் என்றேன். இப்போதும் திறந்துதான் கிடக்கிறது.