லயத்துக்கு வந்த இலக்கம்

அக்கா,

நேற்று உங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், புதுப் பெயின்ட் வாசம். வாசலுக்கு வாசல் இலக்கத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பதினான்கு. தகடு நேராக இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரர் அண்ணன் எட்டி நின்று பார்த்தார். பாராளுமன்ற உறுப்பினர், நம் எம்பி, எல்லாருக்கும் கைகொடுத்தார், படம் எடுத்தார்கள். நான் பட்டியலில் வீடு வீடாக அடையாளம் போட்டுக்கொண்டே வந்தேன். பதினான்கு வந்தது, அதற்கும் போட்டேன். மனதில் ஒன்றும் ஓடவில்லை.

ஹட்டனில் எம்பியின் அலுவலகத்துக்கு நீங்கள் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. மனுக்களை வாங்கி அவர் பார்வைக்கு வைப்பது என் வேலை. ஈரக் குடையை வெளியே சாத்திவிட்டு ஒரு கடித உறையை என் மேசையில் வைத்தீர்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க வரச் சொன்ன கடிதம். லயத்துக்கு விலாசம் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே கிடந்து உங்கள் கைக்கு வந்தபோது, சொன்ன நாள் போய்ப் பதினொரு நாளாகியிருந்தது.

"போன் பண்ணி வேற நாள் கேட்டுத் தாரேன்க்கா" என்றேன்.

"அத வாங்கிக்குறேன் தம்பி. ஆனா நான் வந்தது அதுக்கில்ல. எங்க லயத்துக்கு நம்பர் போடணும். தபால்காரர் வாசலுக்கு வரணும். இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்திக்கும் இதான்."

வேறு நாள் வாங்கித் தந்தேன். நம்பர் கேட்டு நீங்கள் எழுதித் தந்த மனுவைக் கோப்பில் வைத்தேன். அந்த வாரம்தான் மழையில் மண் சரிந்து டயகமப் பக்கம் பாதை உடைந்துபோனது. எம்பி அங்கேயே கிடந்தார். உங்கள் மனு கீழே போய்விட்டது. உண்மையில் நான் அதை மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டீர்கள். நான் கோப்பைப் புரட்டியதிலேயே உங்களுக்கு விளங்கிவிட்டது. "வேல இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு எம்பி வரும்வரை மரப்பலகையில் உட்கார்ந்திருந்து நீங்களே அவரிடம் சொன்னீர்கள். அவர் அந்த உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த பாராளுமன்ற அமர்வில் அவருக்குக் கிடைத்தது ஆறு நிமிடம். உறையை உயர்த்திப் பிடித்துப் பேசினார். தோட்டத்து மக்களுக்கு வீட்டு விலாசம் வேண்டும் என்றார். கவனிப்பதாக அமைச்சர் சொன்னார். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாலு பேர் ஒரு போனில் பார்த்தோம் என்று அன்று மாலை எனக்குப் போன் எடுத்துச் சொன்னீர்கள்.

"நல்லாத்தான் பேசினாரு. கக்கூஸ் பத்தியும் எழுதிக் குடுத்தேனே, அத விட்டுட்டாரே?"

"ஆறு நிமிசந்தான்க்கா."

"சரி, அடுத்த ஆறு நிமிசத்துல பேசச் சொல்லுங்க."

உங்கள் உடம்பில் நோய் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன்தான் பிறகு சொன்னார். எம்பி விடாமல் கடிதம் எழுதினார், தபால் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் என்னை நடக்க வைத்தார். தகடுகள் வருவதற்கு ஆறு வாரம் முன்பு நீங்கள் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் நான் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை.

இப்போது எம்பியின் வேலைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். பாதை, பாலம், பாராளுமன்றப் பேச்சு எல்லாம் உண்டு. விலாசம் பற்றிய பக்கத்தை நான் எழுதினேன். "அக்கா பேரப் போடலியா?" என்றார் எம்பி. வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். நேற்று தகடு அடித்து முடிந்தபின் அண்ணனிடம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "போடுங்க தம்பி. அவ மனு ஒங்க ஆபீஸ்ல ரெண்டு மாசம் கெடந்துச்சே, அதயும் சேத்துப் போடுங்க" என்றார். பிறகு தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன்.

ராத்தங்காமல் திரும்பி வந்து அந்த வரியைச் சேர்த்தேன்: 'இம்மனு எமது அலுவலகத்தில் இரண்டு மாதம் கவனிக்கப்படாமல் கிடந்தது.' எம்பி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சுக்கு விடக் கையெழுத்திட்டார்.

அந்த இரண்டு மாதம் முந்தியிருந்தால் பதினான்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள் அக்கா. என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் கணக்கு மட்டுந்தான்.

இன்று காலை அச்சகத்திலிருந்து பேசினார்கள். "ஒரு வரி தப்பா வந்திருக்கு போல சேர். எடுத்துரவா?"

"தப்பு இல்ல. அப்படியே அடிங்க" என்றேன்.